அமெரிக்கா கிறீன் கார்ட் எடுத்துத் தாறம் எண்டு வாற ஏஜென்ட்மாரிட்ட கவனம் - எங்கட பெரியம்மாக்கு நடந்தது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற ஆக்கள், முக்கியமா பிள்ளையள் அமெரிக்காவில இருக்கிற அம்மா அப்பாமார் இத கட்டாயம் வாசிங்க, போன்ல வாசிக்கக் கஷ்டப்படுற ஆக்களுக்கு வீட்டில இருக்கிற பிள்ளையள் வாசிச்சுக் காட்டுங்க. டவுனில ஒபிஸ் வைச்சிருக்கிற ஒரு ஏஜென்ட், "மகன்ட கிறீன் கார்ட்டை வைச்சு எட்டு மாசத்தில அம்மாவை அனுப்புறன்" எண்டு சொல்லி ஆரையம்பதியில இருக்கிற எங்கட பெரியம்மாட்ட கொஞ்சம் கொஞ்சமா 14 லட்சத்துக்கு மேல வாங்கிட்டான். பேர் இதில போடல்ல, பொலிஸ் முறைப்பாடு நடந்துகொண்டிருக்கு. ஆனா அவன் சொன்ன மாதிரி ஒரு வழியே அமெரிக்கச் சட்டத்தில இல்ல, அதத்தான் முதல்ல சொல்லோணும்.

கிறீன் கார்ட், அதாவது அமெரிக்காவில நிரந்தரமா இருக்கிறதுக்கான அனுமதி, வைச்சிருக்கிற ஒருத்தர் தன்ட மனுசிக்கோ புருசனுக்கோ, கலியாணம் முடிக்காத பிள்ளைக்கோதான் மனு போடலாம். அம்மா அப்பாக்குப் போடவே ஏலாது, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கும் ஏலாது. அதுக்கு அவர் அமெரிக்கப் பிரஜை ஆகியிருக்கோணும், வயசும் 21 ஆகியிருக்கோணும். பெரியம்மாட மகனுக்கு, எனக்கு அண்ணன் முறை, 2022லதான் கிறீன் கார்ட் கிடைச்ச. பொதுவா கிறீன் கார்ட் எடுத்து 5 வருசம் போனாத்தான் பிரஜாவுரிமைக்குப் போடலாம், அங்கத்தைய பிரஜையைக் கலியாணம் முடிச்சு சேர்ந்து வாழ்ற ஆக்களுக்கு 3 வருசம். அப்ப அண்ணனுக்கு 2027 வராம ஒண்டும் செய்ய ஏலாது. இது தெரியாம அந்த ஏஜென்ட் ஏமாந்தவன் இல்ல, நல்லாத் தெரிஞ்சுகொண்டுதான் காசு வாங்கினவன்.

நீங்க கேப்பீங்க, மகனே அங்க இருக்கக்குள்ள அவரிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே எண்டு. அங்கதான் அவன்ட கெட்டித்தனம் கிடக்கு. முதல் நாளே பெரியம்மாட்ட சொல்லிருக்கான், "அம்மா, இத மகனிட்ட போன்ல கதைக்காதீங்க, அமெரிக்காவில போன் ஒட்டுக் கேக்கிறவங்க, ஏஜென்சியால போறீங்க எண்டு தெரிஞ்சா மகன்ட கிறீன் கார்ட்டையும் புடுங்கிப் போடுவாங்க" எண்டு. புருசன் இல்லாத மனுசி, ஒரே ஆம்பிளைப் பிள்ளை, அவன்ட வாழ்க்கைக்கு ஒரு கேடு வந்திருமோ எண்டு பயந்து, நகையை அடகு வைச்சு, படுவான்கரையில கிடந்த வயலைக் குத்தகைக்குக் குடுத்து, ஒருத்தரிட்டயும் மூச்சு விடாம காசு கட்டியிருக்கா. மனுப் போடுற ஆளே மகன். மனுவில கையெழுத்து வைக்கிற ஆள் மகன், காசு கட்டுற ஆள் மகன், கடிதம் போறது மகனுக்கு. அந்த மகனுக்குத் தெரியாம ஒரு பைல் இருக்கவே ஏலாது. உங்களிட்ட ஆராவது "பிள்ளைக்குச் சொல்லாதீங்க" எண்டு சொன்னா, அந்த இடத்திலயே எழும்பி வந்திருங்க.

எனக்கு விசயம் தெரியவந்தது, பெரியம்மா ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து "மனே, இன்டர்வியூக்கு திகதி வந்திட்டு, கொழும்புக்கு ஒரு வேன் பிடிச்சுத் தா" எண்டு கேக்கக்குள்ள. அந்தக் கடிதத்தை ஒள்ளம் விபரமாச் சொல்றன், ஏனெண்டா இதே மாதிரி ஒண்டு உங்களிட்டயும் வரலாம். நல்ல தடிச்ச தாள், மேல கழுகுச் சின்னம், கலர் பிரின்ட். அதுக்குக் கீழ அமெரிக்கத் தூதரகம் கொழும்பு 7 எண்டு கிடக்கு, தூதரகம் இருக்கிறது காலி வீதியில, கொழும்பு 3ல. கீழ குடுத்திருந்த ஈமெயில் ஜிமெயில். போன் நம்பர் 07ல தொடங்குற கைத்தொலைபேசி. கேஸ் நம்பர் எண்டு எழுத்து ஒண்டும் இல்லாம வெறும் ஒன்பது இலக்கம். அமெரிக்காவில குடிவரவு மனுக்களைப் பாக்கிற யூஎஸ்சிஐஎஸ் குடுக்கிற ரசீது நம்பரில மூண்டு இங்கிலீஸ் எழுத்தும் அதுக்குப் பிறகு 10 இலக்கமும் இருக்கும், அதை அவங்கட வெப்சைட்டில போட்டா பைல் எந்தக் கட்டத்தில நிக்குது எண்டு ஆரும் பாக்கலாம், காசும் இல்ல பாஸ்வேர்டும் இல்ல. மனு சரி வந்து, விசாவுக்கான காசையும் பத்திரங்களையும் வாங்கிப் பாக்கிற நஷனல் விசா சென்டருக்குப் போனாப் பிறகு இன்னொரு நம்பர் தருவாங்க, கொழும்புத் தூதரகத்துக்கு வாற பைல் எண்டா அது சிஎல்எம் எண்டு தொடங்கும். பெரியம்மாட நம்பரை நான் போட்டுப் பாத்தன், அப்பிடி ஒரு நம்பரே இல்ல. அந்த நேரம் அவட முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சு.

அண்டைக்கே அண்ணனுக்கு வட்ஸ்அப்ல கோல் எடுத்தம். அவருக்கு ஒண்டுமே தெரியாது, அழுதுபோட்டார்.

மறுகா தோண்டத் தோண்டத்தான் ஒவ்வொண்டா வெளிய வந்த. மெடிக்கல் எண்டு சொல்லி 85,000 வாங்கி, இஞ்ச டவுனிலயே ஒரு லாப்ல ரத்தம் எடுத்து எக்ஸ்ரே எடுத்திருக்கான். உண்மையில மெடிக்கல் கடைசியில வாறது, இன்டர்வியூ திகதி குடுத்தாப் பிறகு, தூதரகம் நியமிச்ச டொக்டரிட்ட மட்டும்தான் செய்யலாம், வேற எங்க செய்தாலும் அந்த ரிப்போட் செல்லாது. விசா பீஸ் எண்டு மூண்டு லட்சம் கையில காசா வாங்கியிருக்கான். நஷனல் விசா சென்டருக்குக் கட்டுற காசை ஒன்லைன்ல, அமெரிக்க பாங்க் எக்கவுண்டிலிருந்துதான் கட்டலாம், இஞ்ச ஒரு ஏஜென்ட்டிட்ட ரூபாயாக் குடுத்துக் கட்டுற விசயமே இல்ல.

எனக்கு எல்லாத்திலயும் பயமா இருந்தது அக்காட விசயம். பெரியம்மாட மகள், கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளை. அவவையும் அம்மாட பைலில சேர்க்கலாம், "கலியாணம் முடிக்காதவ" எண்டு போட்டாச் சரி, வேணுமெண்டா பேப்பரில ஒரு டிவோசும் எடுத்துத் தாறன், அதுக்கு வேற நாலு லட்சம் எண்டு சொல்லிருக்கான். கடவுளே எண்டு அது மட்டும் நடக்கல்ல. இதை எல்லாரும் விளங்கிக்கொள்ளுங்க. அமெரிக்க விசாவுக்குப் பொய்ப் பத்திரம் குடுத்தாலோ முக்கியமான விசயத்தில பொய் சொன்னாலோ, அது பிடிபட்டா வாழ்நாள் முழுக்கத் தடை விழும். ஒரு சில ஆக்களுக்கு மன்னிப்பு மனு எண்டு ஒண்டு இருக்கு, ஆனா எல்லாருக்கும் கிடைக்காது. காசு போனா உழைக்கலாம், இந்தத் தடை விழுந்தா ஏஜென்டுக்கு ஒண்டும் இல்ல, கையெழுத்து வைச்ச உங்களுக்குத்தான். அதோட மகன் பிரஜையாகி அம்மாக்கு மனுப் போட்டாலும் அந்த மனுவில அம்மா மட்டும்தான் போகலாம், அம்மாவோட சேர்த்து மகளையோ பேரப்பிள்ளையளையோ கூட்டிப் போக ஏலாது. அக்காக்கு தம்பி வேற மனு போடோணும், அந்தச் சகோதர வகுப்பில வரிசை 15 வருசத்துக்கு மேல போகுது. ஒவ்வொரு மாசமும் விசா புல்லட்டின் எண்டு அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் திகதி போடும், ஆரும் பாக்கலாம், காசு குடுத்து அந்த வரிசையில முன்னுக்கு வர ஒருத்தராலயும் ஏலாது.

அவன்ட ஒபிஸ் சுவரில வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ட லைசன்ஸ் ஒண்டு பிறேம் போட்டுத் தொங்குது. அதைப் பாத்துத்தான் பெரியம்மா நம்பினவ, எங்கட ஊரில வேற ஆக்களும் அதைப் பாத்துத்தான் நம்பியிருக்காங்க. அது சவூதி, கட்டார், குவைத் எண்டு வேலைக்கு ஆள் அனுப்புறதுக்கு 1985ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ குடுக்கிற அனுமதி. அமெரிக்கக் குடும்ப விசாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

பாஸ்போட்டைத் திருப்பி எடுக்கிறதுதான் பெரும்பாடாப் போச்சு. பாஸ்போட், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெரியப்பாட மரண அத்தாட்சிப் பத்திரம், எல்லாம் ஒரிஜினலா வாங்கி வைச்சிருக்கான். 2004 சுனாமியில வீட்டோட பத்திரமெல்லாம் போய், பிரதேச செயலகத்துக்கு அலைஞ்சு அலைஞ்சு திரும்ப எடுத்த பத்திரங்கள் அதுகள், எங்கட கரையோரத்து ஆக்களுக்கு அதின்ட பெறுமதி தெரியும். போய்க் கேட்டா "பைல் குளோசிங் சார்ஜ் 50,000 கட்டிட்டு எடுங்க" எண்டு சொல்றான். பெரியம்மா அந்தக் கதிரையில இருந்துகொண்டு சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுத் துடைச்சுக் கெஞ்சினா, அவன் போனைப் பாத்துக்கொண்டே இருந்தான். மறுகா பொலிசில முறைப்பாடு போட்டு, அவங்க ஒபிசுக்கு வந்து கேட்ட பிறகுதான் பாஸ்போட்டும் பத்திரங்களும் கைக்கு வந்த. காசில ஒரு பங்குக்கு செக் தந்தான், பாங்கில போட்டம், எக்கவுண்டில காசில்ல எண்டு திரும்பி வந்திட்டு. அந்தச் செக்கையும் முறைப்பாட்டோட சேர்த்திருக்கம்.

சரியான வழி என்ன எண்டு கேட்டா, பிள்ளை பிரஜையானாப் பிறகு அங்க இருந்து ஐ-130 எண்ட போர்மை யூஎஸ்சிஐஎஸ்க்கு அனுப்போணும். போர்ம் சும்மா எடுக்கலாம், கட்டணம் 2024 ஏப்ரலில கூட்டினதில ஒன்லைன்ல 625 டொலர், பேப்பரில எண்டா 675. அது சரி வந்தா விசா சென்டரில 325 டொலரும், பிள்ளை தன்ட வருமானத்தைக் காட்டிக் குடுக்கிற ஐ-864 பொறுப்புப் பத்திரத்துக்கு 120 டொலரும், விசா கிடைச்சாப் பிறகு 235 டொலரும். மெடிக்கல் வேற. எல்லாம் கூட்டினாலும் ஒரு ஆளுக்கு நம்மட காசில நாலு லட்சத்துக்குக் கிட்டத்தான் வரும், அதுவும் ஒரே தடவையில இல்ல, ஒவ்வொரு கட்டத்துக்கு ஒவ்வொண்டா. பிரஜையின்ட அம்மா அப்பாக்கு வருசக் கணக்கு வரிசை இல்ல, ஆனாலும் பைல் நகர ஒரு வருசத்துக்கு மேல போகும், எட்டு மாசத்தில கியாரண்டி எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. உதவி வேணுமெண்டா பிள்ளை இருக்கிற இடத்தில லைசன்ஸ் உள்ள குடிவரவு லோயரைப் பிடிக்கச் சொல்லுங்க.

இஞ்ச நீங்க செய்யிற வேலை எண்டா பத்திரம் சரிபாக்கிறதுதான். அம்மாட மனுவுக்கு முக்கியம் மகன்ட பிறப்புப் பத்திரம், அதில அம்மாட பேர் இருக்கோணும், பாஸ்போட்டில இருக்கிற பேரோட ஒத்து வரோணும். எங்கட பக்கம் ஒண்டில ஒரு மாதிரி, மற்றதில வேற மாதிரி எழுதியிருப்பாங்க, அதை இப்பவே பாத்துத் திருத்தி வைங்க. தமிழ்ப் பத்திரத்தை நல்ல மொழிபெயர்ப்பாளரிட்ட இங்கிலீசில எடுங்க. விசாவுக்குக் கேக்கிற பொலிஸ் ரிப்போட்டுக்கு (குற்றப் பதிவு இல்ல எண்டு பொலிஸ் தாற பத்திரம்) ஒன்லைன்ல நீங்களே போடலாம். வெப்சைட் எண்டா கடைசியில டொட் கவ் எண்டு முடியுதா எண்டு பாருங்க, டொட் கொம் எண்டா அமெரிக்க அரசாங்கத்தின்ட எண்டு உடனே நம்பிராதீங்க.

இதே ஆளிட்ட களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கத்து ஆக்களும் காசு குடுத்திருக்கிறதாக் கேள்விப்படுறம். வெக்கப்பட்டுக்கொண்டு இருக்காதீங்க. காசு குடுத்த துண்டு, பாங்க் சிலிப், வட்ஸ்அப் வொய்ஸ் ஒண்டையும் அழிக்காதீங்க, பாஸ்போட் அவன்ட கையில இருந்தா முதல்ல அதை வாங்குங்க, ஆள் தரமாட்டன் எண்டா நேரே பொலிசுக்குப் போங்க. மனுப் போட்டிருக்கு எண்டு உங்களுக்கு ஒரு நம்பர் தந்திருந்தா, பாக்கத் தெரியாட்டி எனக்கு அனுப்புங்க, பாத்துச் சொல்றன், காசு ஒண்டும் வேணாம். பாஸ்போட் படமோ அடையாள அட்டையோ எனக்கும் அனுப்ப வேணாம், கேஸ் நம்பர் மட்டும் போதும்.