சின்ன வேன் போதும் என்று போனவனைப் பெரிய வேனில் ஏற்றி 4,70,000 ரூபாயை விழுங்கிய பட்டறை

நேற்று பேங்கிலிருந்து செக் திரும்பி வந்துவிட்டது. பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த 4,70,000 ரூபாய் செக். கணக்கில் போதிய பணம் இல்லை என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் 'போனால் போகட்டும்' என்று உட்கார்ந்துவிடுவேன். அந்த ஆள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பட்டறை பெயரை எழுதவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். மேற்கு மாவட்டம் ஒன்றில், பைபாஸ் ஓரம், வேன்களைக் கேம்பர் வேனாகவும் கேரவனாகவும் மாற்றிக் கட்டித் தருகிற இடம். ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே மஞ்சள் விளக்கு, குட்டி அடுப்பு, பின்கதவைத் திறந்தால் மலை. இந்த மாதிரிப் பட்டறைகள் இப்போது ஊருக்கு ஊர் முளைக்கின்றன. வேன் கட்டக் காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, ஏழாவது படிக்கும் பையன், எழுபது தாண்டிய என் அம்மா. நினைத்துப் போனது ஒரு பழைய மாருதி ஈகோ, சின்ன வேன். மூன்றே முக்கால் மீட்டருக்கும் குறைவான நீளம், எங்கள் சந்துக்குள் திரும்பும், வீட்டு வாசலிலேயே நிற்கும். பின்சீட்டை மடித்து அதன்மேல் விரிக்கிற கட்டில், டிக்கியில் இழுத்தால் வெளியே வரும் சமையல் பெட்டி, இருபது லிட்டர் கேன் ரெண்டு, விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒரு பேட்டரி. அம்மாவும் மனைவியும் வண்டிக்குள் படுப்பார்கள், நானும் பையனும் பக்கத்தில் டென்ட் அடிப்போம். வண்டியில் எதையும் வெட்ட வேண்டாம், ஆர்சியில் எதையும் மாற்ற வேண்டாம், ஊர் திரும்பினால் கழற்றி மாடியில் போட்டுவிடலாம். போனில் கேட்டபோது இந்த வேலைக்கு எண்பதாயிரம் என்று அந்த ஆளே சொன்னார். அதை நம்பித்தான் குடும்பத்தோடு கிளம்பிப் போனோம்.

போனதும் டீ வந்தது, பையனுக்கு பிஸ்கட். எடுத்த எடுப்பில் அவர் சொன்னது: "அண்ணா, காசு இருக்குதுன்னு செலவு பண்ணாதீங்க. சின்னதே போதுங்க உங்களுக்கு." வியாபாரி ஒருத்தர் செலவு செய்யாதே என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது? அதற்குப் பிறகு என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேராக அம்மாவிடம் போனார். அம்மா காரிலிருந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து போட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அம்மாவுக்கு முட்டி வலிங்களா? ராத்திரி எந்திரிக்கணும்னா ஈகோவுல எப்படிங்கம்மா? இருட்டுல, காட்டுல, எங்க போவீங்க?" என்றார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அது அவர் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த பயம். பயணம் போகும்போதெல்லாம் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார். இது பெற்ற பிள்ளைக்குத் தெரியும். முதல் தடவை பார்த்த ஒருத்தர் ஐந்தே நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஓரமாக ஒரு பழைய டிராவலர், மினி பஸ் அளவு வேன், நின்றது. டூரிஸ்ட் ஓடிய வண்டி, மஞ்சள் போர்டு. பின்கண்ணாடியில் 'அம்மன் துணை' என்று ஸ்டிக்கர், அதில் 'அம்மன்' பாதி உரிந்திருந்தது. சீட்டெல்லாம் கழற்றி, தரைக்குப் பிளைவுட் அடித்து, மூலையில் ஒரு கழிப்பறைத் தடுப்பு மட்டும் நிறுத்தியிருந்தார்கள். அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அம்மா நிமிர்ந்து நின்றார். ஈகோவில் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. கைப்பிடிக் கம்பி எங்கே வரும், கட்டில் எவ்வளவு உயரம், எல்லாம் காட்டினார். "ஏஞ்சாமி, இதுல வென்னீர் வருமா?" என்று அம்மா கேட்டார். "எங்கம்மாவுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தர்றேனுங்கம்மா" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். முடிந்தது கதை.

வண்டியும் சேர்த்து மொத்தம் 11,50,000 என்றார். வேறு பார்ட்டி வருகிறது என்று அங்கேயே டோக்கன் 50,000. அதே வாரம், பழைய ஓனருக்கு செட்டில் பண்ண வேண்டும் என்று 2,50,000. அடுத்த மாசம், பேட்டரியும் ஏசியும் ஆர்டர் போட வேண்டும் என்று 1,70,000. கூட்டிப் பாருங்கள், 4,70,000 ரூபாய். அம்மாவின் பழைய வளையல் விற்றதும் அதில் அடக்கம். ரசீது கேட்டால் ஒரு கோடு போட்ட தாளில் கையெழுத்து போட்டுத் தந்தார். "ஜிஎஸ்டி பில் ஃபைனல்ல மொத்தமா போட்டுர்லாங்கண்ணா."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. சித்திரையில் வாங்கிய பணத்துக்கு வைகாசியில் வேலை தொடங்கும் என்றார். வைகாசியில் வெல்டர் பீகாருக்குப் போய்விட்டான். ஆடியில் புது வேலை தொடங்க மாட்டார்களாம், சரி. ஆவணியில் பூனாவிலிருந்து அப்ரூவல் பேப்பர் வரவில்லை. ஆயுத பூஜைக்கு டெலிவரி என்று அவரே நாள் குறித்தார். அந்த வாரம் கூப்பிட்டால், "ஆயுத பூஜைக்குப் பட்டறை லீவுங்கண்ணா, ஆளுங்களை எப்படி வேலை வாங்கறது?" என்கிறார். நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், மனைவி நம்பரிலிருந்து கூப்பிட்டால் முதல் ரிங்கில் எடுப்பார். பிறகு அந்த நம்பரையும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் தினம் காலை முருகன் படத்தோடு வணக்கம் வரும். பணம் பற்றிக் கேட்டால் நீலக்கோடு விழும், பதில் வராது.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். மச்சான் எலக்ட்ரீஷியன். அந்த ஆள் வருவதற்குள் அவன் வண்டிக்குள் ஏறிவிட்டான். கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டி, மேலே '200 ஏஎச் லித்தியம்' என்று பளபளப்பாக ஸ்டிக்கர். மச்சான் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தான், அசையவில்லை. "மாமா, லித்தியம்னா நானே ஒத்தையில தூக்கிருவேன், இருபத்தஞ்சு கிலோகூட வராது" என்று மூடியை நெம்பினான். உள்ளே வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூப்ளர் பேட்டரி. தண்ணீர் அளவு காட்டும் சிவப்புக் குமிழ்கள் வரிசையாக நிற்கின்றன, ஓரத்தில் ஆசிட் பூத்துப் போயிருக்கிறது. அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கிளம்பும். அடைத்த வண்டியில், என் அம்மா படுக்கப் போகும் கட்டிலுக்கு நேர் கீழே அதை வைத்திருக்கிறார்.

இன்னொன்று. "ராத்திரி முழுக்க ஏசி ஓடுங்க" என்று சொல்லித்தான் விற்றார். மச்சான் அந்தக் கை ரசீதின் பின்பக்கமே கணக்குப் போட்டுக் காட்டினான். நிஜமான லித்தியமாகவே இருந்தாலும் 200 ஏஎச் (ஆம்பியர்-அவர்) என்றால் 12.8 வோல்ட்டில் 2,560 வாட்-அவர். கூரை ஏசி ஆயிரம் வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். ரெண்டு மணி நேரம், ரெண்டரை மணி நேரம், அவ்வளவுதான். கழிப்பறைக் கழிவுக்குத் தொட்டி எங்கே என்றால் தரையில் ஓட்டை போட்டு ஒரு பிவிசி பைப் கீழே தொங்குகிறது. வேலையாளைக் கேட்டோம். "வண்டி ஓடறப்ப வால்வைத் திறந்தா ரோட்டுலயே போயிருங்க" என்கிறான். மலை ரோட்டில்! கீழே ஊர் இருக்கிறது, ஓடை இருக்கிறது.

அப்போது கேட்டுக்குள் ஒரு கார் வந்தது. ஒரு குடும்பம், கூடவே வயசானவர் ஒருவர். நம்ம ஆள் எங்களைக் கவனிக்காமல் நேராக அந்தப் பெரியவரிடம் போய் சேரைப் போட்டு, "ஐயாவுக்கு முட்டி வலிங்களா?" என்றார்.

அதே வண்டியைத்தான் காட்டப் போனார். அதே 'அம்மன் துணை'. நான் போய் நின்றதும், "அண்ணா, இது வேற வண்டிங்கண்ணா, உங்களுது பெயின்டுக்குப் போயிருக்குது" என்றார். நம்பர் போர்டு இரண்டும் கழற்றியிருந்தது. சேஸ் நம்பரைக் காட்டச் சொன்னேன். அந்த இடத்தில் கிரீஸ் அப்பி வைத்திருந்தார்கள். மச்சான் துணியால் துடைக்கப் போனான், ரெண்டு பேர் வந்து தடுத்தார்கள். அந்தக் குடும்பம் பேசாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

அந்தக் களேபரத்தில்தான் செக் எழுதிக் கொடுத்தார். மொத்தம் 4,70,000. "தீபாவளி கழிச்சுப் போடுங்கண்ணா." கழிச்சுத்தான் போட்டேன். திரும்பி வந்துவிட்டது.

ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர் சார், கோர்ட்டைப் பாருங்க" என்றார்கள். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஃபாரம் எழுதித் தரும் பெரியவர் ஒருவர்தான் எனக்கு உருப்படியாக விஷயம் சொன்னார். வண்டி நம்பர் என் மொபைலில் பழைய போட்டோவில் இருந்தது. எம்பரிவாகன் என்கிற அரசு ஆப்பில் போட்டுப் பார்த்தார். எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதிச் சான்று, முடிந்து கிடக்கிறது; ஃபைனான்ஸ் கடன் அப்படியே நிற்கிறது. கடனை முடித்து ஃபாரம் 35 வராமல் அந்த வண்டி என் பெயருக்கு வரவே வராது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி பதிந்த வண்டியைக் கண்டபடி மாற்றக் கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றினால் மாட்டுவது ஓனர். ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. அதன்படி சான்று வாங்கிய பட்டறை கட்டினால் அது வேறு விஷயம். "அந்த ஆள்கிட்ட அந்த சர்ட்டிபிகேட் இருக்குதான்னு கேட்டீங்களா?" என்றார். கேட்டேனே! போனில், நேரில், வாட்ஸ்அப்பில். "பூனாவுல இருக்குது" என்பதுதான் எப்போதும் வந்த பதில்.

பெரிய வண்டியே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு நின்று நடக்கிற உயரமும் கழிப்பறையும் நிஜமான தேவை. ஆனால் ஏமாற்றுகிறவனுக்குப் பெரிய வண்டிதான் வசதி. ஈகோவில் கட்டிலும் பெட்டியும் வந்ததா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பெரியதில் தரைக்கு அடியில் பைப், சுவருக்குள் ஒயர், ஆபீஸில் பேப்பர் என்று கண்ணுக்குத் தெரியாத வேலையாகச் சொல்லிச் சொல்லியே பணம் கறக்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் டிராவலர் சிரமம் என்று நான் சொன்னபோது, "பஸ்ஸே ஏறுதுங்கண்ணா" என்றார். பஸ் ஏறும், தினம் அதே ரோட்டில் ஓட்டுகிற டிரைவர் ஏற்றுகிறார். டோலில் மினி பஸ் ரேட், தெருவில் நிறுத்த இடம், ஒரு தொட்டி நிரப்பினால் கூடும் நூறு கிலோ, இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எண்பதாயிரத்தில் முடிய வேண்டிய என் வேலை 4,70,000 ரூபாயாகி, அதுவும் கையில் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவு:

ஆர்சி நம்பரை வாங்கி எஃப்சியும் கடனும் பார்க்காமல் டோக்கன்கூடப் போடாதீர்கள். பட்டறைக்காரனே வண்டியும் விற்று வேலையும் செய்கிறேன் என்றால் வேண்டாம். வண்டியை உங்கள் பெயரில் வாங்கி, பிறகு வேலைக்கு விடுங்கள். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத தாள் ரசீது இல்லை. பேட்டரியைத் தூக்கிப் பாருங்கள். கழிவுத் தொட்டி எங்கே என்று குனிந்து பாருங்கள்.

செக் திரும்பினால் 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் கேஸ் போடலாம். பட்டறைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் நுகர்வோர் கமிஷனில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி வெப்சைட்டில் ஆன்லைனிலேயே போடலாம். விவரம் கேட்க 1915.

அதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், குறிப்பாக அந்த 'அம்மன் துணை' வண்டியை உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், என்னிடம் பேசுங்கள். தனித்தனியாகப் போனால் ஆயுத பூஜை, ஆடி என்று ஓட்டிவிடுவார். சேர்ந்து போனால் ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று சொல்ல முடியாது. பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட்டை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லி வக்கீல் கேட்டிருக்கிறார், அதை எடுக்கப் போகிறேன்.