உப்புக் காற்றில் எழுத்துக்கலை: எந்தப் பேனா, எந்தத் தாள்?

கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கம் கேலிகிராஃபி, அதாவது அழகாக எழுதும் கலையைப் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பேனாவைப் பற்றித்தான். எங்கோ ஏசி அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, அதில் சொன்ன நிப், மை, தாள் எல்லாவற்றையும் ஆர்டர் போட்டு விடுகிறார்கள். அந்த வீடியோவில் வராத இரண்டு சங்கதி நம்ம கரையில் உண்டு. ஒன்று உப்புக் காற்று, இன்னொன்று உப்புத் தண்ணீர். இரண்டையும் கணக்கில் எடுத்தால் எது நல்லது, எது வேண்டாம் என்ற வரிசையே மாறிவிடும்.

பேனாவில் கூர் நிப்பை முதலில் பார்ப்போம். ஹோல்டரில் செருகி, மையில் தொட்டுத் தொட்டு எழுதுவது. கல்யாண அழைப்பிதழ்களில் வரும் சாய்வான ஆங்கில எழுத்து, காப்பர்பிளேட் என்பார்களே, அதற்கு இதுதான் ஆயுதம். கீழே இழுக்கும்போது அழுத்தினால் தடிக்கும், மேலே ஏற்றும்போது விட்டுக்கொடுத்தால் மெலியும். வழவழப்பான அட்டையில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் தமிழுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கட்சி. ‘ஞ’, ‘ண’, ‘இ’ மாதிரி எழுத்துகளில் கோடு சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. கையால் செய்த தாளின், அதாவது கைத்தாளின், சொரசொரப்பில் மேலே ஏற்றும்போது நிப்பின் நுனி நாரில் சிக்கி மையைத் தெறிக்கும். அது போக, எஃகு நிப்பைத் துடைக்காமல் போட்டுவிட்டால் கடலோர வீட்டில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது.

பைலட் நிறுவனத்தின் பேரலல் பேனா வேறு ரகம். இரண்டு தட்டையான தகடுகளுக்கு நடுவே மை இறங்கி வரும். 1.5 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டர் வரை அகலங்கள் உண்டு. இதில் அழுத்தமே தேவையில்லை. முனையை ஒரே சாய்வில், 30 டிகிரி வாக்கில் பிடித்துக்கொண்டால் போதும், தடிப்பும் மெலிவும் கோட்டின் திசையிலிருந்து தானாக வந்துவிடும். வட்ட வட்டமான தமிழ் எழுத்துக்கு இந்தப் பட்டை முனைதான் அழகு. விலை ஒன்றுதான் உறுத்தும். மையிலும் கவனம் வேண்டும். கடையில் வாட்டர்புரூஃப் என்று விற்கும் இண்டியன் இங்க்கை இதில் ஊற்றினால் உள்ளே காய்ந்து பேனாவே போச்சு. அதோடு வரும் மையோ தண்ணீரில் கரையும், வியர்த்த விரல் பட்டால் இழுபடும்.

பிரஷ் பேனாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஃபெல்ட் முனை கைத்தாளில் சீக்கிரம் பிசிறிவிடும். வாங்குவதானால் நைலான் முடி வைத்ததை வாங்குங்கள்.

எனக்குப் பிடித்தது மூங்கில் கலம், அரபி எழுதப் பயன்படும் சீவிய மூங்கில் பேனா. கீழக்கரைக்கு இது அந்நியமே இல்லை. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் அரபுத்தமிழில் எழுதிக் குவித்த ஊர் அது. தமிழை அரபு எழுத்தில் எழுதும்போது, அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புது எழுத்துகளே செய்துகொண்டார்கள். கலம் செய்வது எளிது. சுண்டுவிரல் தடிமனில் காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை எடுத்து, நுனியைச் சரிவாகச் சீவி, உள்பக்கச் சதையைச் சுரண்டித் தட்டையாக்க வேண்டும். நடுவில் கத்தி முனையால் ஒரு கீறல். கடைசியாக நுனியைக் கெட்டியான பலகை மேல் வைத்து ஒரே வெட்டு. ‘டக்’கென்று சத்தம் வந்தால் வெட்டு சுத்தம், நசுங்கினால் கத்தியைத் தீட்ட வேண்டும். அரபிக்கு நுனியைச் சாய்த்து வெட்டுவார்கள். தமிழுக்கு நேராக வெட்டினாலே போதும். துருப் பயம் இல்லை, இண்டியன் இங்க்கும் தாராளமாகத் தொடலாம், மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். அடிக்கடி மை தொட வேண்டியிருக்கிறதே என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள், அது நியாயமான குறைதான். அரபி எழுத்தர்கள் மைக்கூட்டில் பட்டு நூல் பஞ்சு ஒன்றைப் போட்டு வைப்பார்கள். கலம் அதில் ஒற்றி, அளவான மையோடு வெளியே வரும், சொட்டாது. எழுத்தின் அளவைக் கலத்தின் நுனியால் வைக்கும் புள்ளியைக் கொண்டே கணக்கிடுவது, 940-இல் இறந்த அரபி எழுத்துக்கலைஞர் இப்னு முக்லா வகுத்த முறை. தமிழுக்கும் அது பயன்படுகிறது. ‘ட’வின் உயரத்துக்கு நான் ஐந்து நுனி அகலம் வைக்கிறேன்.

சரி, ஓலையும் எழுத்தாணியும்? சுற்றிலும் பனை நிற்கும் சீமையில் அந்த ஆசை வரத்தான் செய்யும். ஓலையை வேகவைத்து, காயவைத்து, கீறி, கரி தேய்த்து எடுப்பது பொழுதுபோக்கைத் தாண்டிய வேலை. புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று அந்தக் காலத்தில் புள்ளியையே விட்டுவிட்டார்கள். புத்தக அடையாளத்துக்கு ஒரு கீற்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இனி தாள். பேனாவைவிட இதுதான் இங்கே முக்கியம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959-இல் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவில் செய்கிறார்கள். பருத்தி நார் நீளமானது என்பதால் மடித்தாலும் முறியாது, பூச்சு ஏற்றியிருப்பதால் மையும் பரவாமல் நிற்கும். வீட்டில் பழைய நோட்டுத் தாளை ஊறவைத்து, மிக்சியில் அடித்து, கொசுவலைச் சட்டத்தில் வாரி எடுக்கும் தாள் இந்த அளவுக்கு வராது. செய்தித்தாளை அரைத்தால் இன்னும் மோசம், கொஞ்ச நாளில் பழுப்பேறிவிடும்.

வீட்டுத் தாளுக்குப் பெரிய எதிரி கிணற்றுத் தண்ணீர். தாள் காயும்போது தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். அப்புறம் வாடைக் காற்று வீசும் மழை மாதங்களில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, தாள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். மை வைத்தால் வேர்விட்டுப் பரவும். காவிரிக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ இருந்தால் மட்டும் கூழ் அடியுங்கள். மை பரவாமல் இருக்க வடிகஞ்சி பூசலாம், செலவில்லை, ஆனால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். ஜெலட்டினில் துளி படிகாரம் சேர்த்துப் பூசுவது அதைவிட நல்லது. காயப்போட கச்சான், அதாவது மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்கள் தோது. வெளியில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தாளில் மணல் ஒட்டினால் கலத்தின் நுனி போய்விடும். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் வரும்.

ஆக, எழுதுவதற்குக் கடையில் வாங்கின தாள், மற்ற கைவேலைக்கு வீட்டுத் தாள். இதுதான் என் பிரிவினை.

கைவேலையில், தாள் கீற்றுகளைச் சுருட்டி ஒட்டும் குவில்லிங் பார்க்க அழகு, ஆனால் சுருட்டிய கீற்றுகள் ஈரத்தில் தளர்ந்துவிடும். கண்ணாடி போட்டு அடைத்தால்தான் நிற்கும். கொழகொழத் தண்ணீரில் வண்ணங்களை மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றி எடுக்கும் மார்பிளிங்குக்குக் கடற்பாசிச் சாறான கராஜீனன் வேண்டும் என்றதும், பாம்பன் பக்கம் மிதவையில் வளர்க்கிறார்களே என்று தோன்றும். கப்பாஃபைகஸ் என்ற அந்தப் பாசி கட்டியாக உறையும் சாறைத் தருவது. மார்பிளிங்குக்கு உறையாமல் கொழகொழவென்று நிற்பது வேண்டும், கடையில்தான் வாங்க வேண்டும். என் ஓட்டு மொய்க் கவருக்கு. சின்னத் தாள் போதும், ஓரம் பிசிறாக இருந்தால்கூட அழகுதான், மேலே கலத்தால் ‘வாழ்க மணமக்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் கல்யாண வீட்டில் கவரைக் கிழிக்கத் தயங்குவார்கள்.

பசைக்கு மைதாவைக் காய்ச்சுவதா, ஃபெவிகாலா? மைதா பசை தாளை விறைப்பாக்காது, பைண்டிங்குக்கு அதுதான் நயம். பூச்சி வராமல் இருக்கப் பைண்டர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள். துத்தம் விஷம், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஃபெவிகாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.