சுங்கை சிப்புட்டில் ஒரு ஸ்டீரிங் பட்டறை

சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துக்கு அருகே, கடைவீடுகளின் பின்வரிசையில் இருக்கும் இந்தப் பட்டறை மின் ஸ்டீரிங், அதாவது மின் மோட்டார் உதவியோடு லேசாகத் திரும்பும் ஸ்டீரிங்கின் பழுதை மட்டுமே பார்க்கிறது. செம்பனைத் தோட்டச் சாலையில் தினமும் ஓடும் என் பழைய காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து ஸ்டீரிங் கல்லாய்க் கனத்தபோது, வேறொரு பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்த கையோடு, ஸ்டீரிங் தண்டையே மோட்டாருடன் மாற்ற 1,400 ரிங்கிட் கேட்டார்கள். இங்கே 180 ரிங்கிட்டில் வேலை முடிந்தது.

ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீட்டை இந்தப் பட்டறைக்காரர் பழுதின் பெயராக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் ஸ்டீரிங்கைத் திருப்பும் விசையை அளக்கும் சென்சார் இரண்டு சிக்னல்களை அனுப்புகிறது; அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் காரின் கணினி மோட்டாரின் உதவியை நிறுத்திவிடுகிறது, சக்கரத்துடனான இயந்திரப் பிணைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இரு சிக்னல்களையும் திரையில் ஓடவிட்டு இவர் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தபோது ஒரு சிக்னல் மட்டும் துள்ளியது. குற்றவாளி பச்சை பிடித்த ஓர் இணைப்புதான். அதை மாற்றியபின், ஸ்டீரிங்கின் நேர்நிலையைக் கணினிக்குப் புதிதாகப் பதிய வைத்தார்.

எல்லாக் காரிலும் ஒரே சோதனை போதாதா என்று கேட்டேன். "இரண்டு சிக்னலையும் ஒப்பிடுவது பழைய சங்கதி, டீச்சர். எவ்வளவு நேரம் விலகி நின்றால் அதைப் பழுது என்பது, பிறகு உதவியை எப்படிக் குறைப்பது, அதில்தான் கம்பெனிகள் காப்புரிமைச் சண்டை போடுகின்றன," என்றார். சண்டைக்கு இடமுண்டுதான். 1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோவிலேயே மின் ஸ்டீரிங் வந்துவிட்டதால், வழக்கில் சிக்கும் நிறுவனம் முதலில் பழைய ஆவணங்களைத் தோண்டி, இந்த முறை முன்பே தெரிந்ததுதான் என்று காட்டப் பார்க்கும். காப்புரிமை வைத்திருப்பவரோ தன் உரிமைக்கோரிக்கையில் எழுதிய ஒவ்வொரு படியும் எதிராளியின் கணினியில் நடப்பதை நிறுவ வேண்டும். மலேசியாவில் காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும், ஆனால் அந்த ஆவணத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இவர் அவற்றைக் கைப்பேசியில் வைத்துப் படிக்கிறார். எந்த நிபந்தனையில் விளக்கு எரிகிறது என்பது அதில் விளக்கமாக இருக்குமாம்; எனக்கு அந்த வாக்கியங்கள் நிலப்பத்திரம் போலத்தான் தெரிந்தன.

குறையும் உண்டு. உட்கார நாற்காலி இல்லை, அரை நாள் காத்திருக்க வேண்டும், கேட்டால்தான் ரசீது எழுதுவார். சனிக்கிழமை கூட்டம் தாங்காது. வார நாளில் காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள்.