பழைய கொரொல்லாவுக்கு இரண்டு புதிய டயர்கள்

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கும்வரை, கையில் இருந்த காரைக் காப்பாற்றி ஓடுவதே நம்மில் பலருக்கு வழியாக இருந்தது. எங்கள் வீட்டில் ஓடுவது 1996 ஆம் ஆண்டுக் கொரொல்லா. மழைக்காலத்துக்கு முன்னர் அதன் பின்பக்க டயர்கள் இரண்டையும் மாற்ற வேண்டி வந்தபோது, திருகோணமலை நகரில் மூன்று கடைகளில் விசாரித்த பின்னரே வாங்கினேன்; முன்பு ஒருமுறை விசாரிக்காமல் வாங்கிப் பட்ட அனுபவம் இருந்தது.

அப்போது வாங்கியவை யப்பானிலிருந்து வந்த பாவித்த டயர்கள். புதியவற்றின் ஏறக்குறைய பாதி விலை. தவாளிப்பும், அதாவது டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களும், ஆழமாக இருந்தது. பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களை வாசிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் இரண்டும் வாரத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம். என்னுடையவற்றில் இருந்தது 1411, அதாவது வாங்கும்போதே பத்து வயதைத் தாண்டியவை. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் வெப்பத்தாலும் காற்றாலும் இறுகி வெடிப்பு விழும் என்பதால், தவாளிப்பின் ஆழத்தை மட்டும் நம்பக்கூடாது. சில மாதங்களில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. ஒரு நடுப்பகலில் கந்தளாய் வீதியில் ஒரு டயர் வீங்கிப் பிரிந்தபோது பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

இம்முறை களனியில் உற்பத்தியாகும் சியட் டயர்களைத் தெரிவுசெய்தேன். அளவு 175/70 ஆர் 13, அதாவது அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம், ரிம் 13 அங்குலம்; சுமைக் குறியீடு 82, அதாவது ஒன்று 475 கிலோ தாங்கும். அதே விலைக்கு 185 அகலத்தில் தருவதாகவும் அது பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்றும் வேறொரு கடையில் சொன்னார்கள். அது விட்டத்தில் 14 மில்லிமீற்றர் கூடுதல். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எனவே மறுத்துவிட்டேன்.

நான் வாங்கிய கடைக்காரர் உற்பத்தித் தேதியைக் கேட்குமுன்பே டயரைத் திருப்பிக் காட்டினார். செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரிம்மின் விளிம்பில் இருந்த துருவைச் சுரண்டி, வால்வுகளையும் புதிதாக்கினார். முன் சில்லு இழுக்கும் காராதலால் புதியவற்றை முன்னால் போடுமாறு நான் கேட்டபோது, பின்னால்தான் போட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். ஈரத்தில் முன் சில்லுகள் வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைத் தளர்த்திச் சமாளிக்கலாம்; பின் சில்லுகள் பிடிவிட்டால் கார் சுழன்றுவிடும். தம்பலகாமத்தருகே மழைநீர் தேங்கிய வீதியில் ஓடியபோது அவர் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதை உணர்ந்தேன். அந்தக் கடையின் ஒரே குறை, சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கும் எலைன்மென்ட் இயந்திரம் இல்லாததுதான். அதற்கு வேறு கராஜுக்குப் போக வேண்டியிருந்தது.

ஏழாயிரம் கிலோமீற்றர் ஓடியாயிற்று. சொரசொரப்பான தாரில் சத்தம் சற்றுக் கூடுதல், ஆனால் மழையில் பிரேக் பிடிக்கும்போது முன்பிருந்த பயம் இல்லை. மேலதிக சில்லில் இருப்பது இன்னும் 1411 டயர்தான். அடுத்த சம்பளத்தில் அதையும் மாற்றுகிறேன்.