ஒரு பிரேக் சக்கரம், பல கைகள்: நெட்வொர்க்டு ஏ-ஃப்ரேம் பயன்படுத்திய அனுபவம்

கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதையில் மலை ரயிலின் எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்மேன் நின்று கைச்சக்கரத்தைத் திருகுவார். அந்த வேலையை மாணவர்கள் சேர்ந்து செய்து பார்க்கும்படி ஒரு மெய்நிகர் பெட்டியை நெட்வொர்க்டு ஏ-ஃப்ரேமில் கட்டினேன். பலர் ஒரே மெய்நிகர் காட்சியில் சேர்ந்திருக்க உதவும், எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்தத் திறந்த மூல நிரல் நூலகம் பிரவுசரிலேயே இயங்குவதால், குன்னூரில் விஆர் ஹெட்செட் அணிந்தவரும் கோத்தகிரியில் செல்போன் வைத்திருப்பவரும் ஒரே பெட்டியில் ஏறலாம்.

சக்கரம் திருகப்பட்டதை முதலில் எல்லோருக்கும் போகும் ஒரு செய்தியாக எழுதியிருந்தேன். உள்ளே இருந்தவர்களுக்கு அது சரியாகத் தெரிந்தது. ஐந்து நிமிடம் தாமதமாக வந்த மாணவிக்கோ பிரேக் போடாத பெட்டியே தெரிந்தது. செய்தி வந்து போய்விடும், பொருளின் நிலைதான் தங்கும் என்று அப்போது புரிந்தது. பிரேக்கின் அழுத்தத்தை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாக்கி, எந்தப் பண்புகளை எல்லோருடனும் பகிர வேண்டும் என்று சொல்லும் பட்டியலில் (ஸ்கீமா) சேர்த்தவுடன், புதிதாக வருபவருக்கு அதை நூலகமே கொடுத்துவிடுகிறது. ஹெட்செட்டில் கையால் திருகினாலும், போனில் விரலால் இழுத்தாலும், லேப்டாப்பில் மவுஸால் சுழற்றினாலும் மாறுவது அந்த ஒரே எண். சக்கரம் எப்படிச் சுழன்று தெரிய வேண்டும் என்பதை அந்தந்தக் கருவியே கணக்கிட்டுக்கொள்கிறது. நொடிக்கு 15 முறை என்ற இயல்பான புதுப்பிப்பு வேகம் இதற்குத் தாராளமாகப் போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது உரிமை, அதாவது ஒரு பொருளின் நிலையை மாற்றும் அதிகாரம், கைமாறும் முறை. சக்கரத்தைப் பிடிப்பவர் அதன் உரிமையைக் கேட்டு எடுத்துக்கொள்கிறார்; இருவர் மோதினால் பின்னர் எடுத்தவரிடமே அது நிற்கும். கோத்தகிரியில் மழையோடு சிக்னலும் போய், பிடித்திருந்த மாணவர் தொடர்பிலிருந்து விழுந்துவிட்டால், பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பை இயக்கி வைத்திருக்கும்போது சக்கரம் அங்கேயே இருக்க, இன்னொருவர் உரிமையை ஏற்கிறார். அந்த அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கிறது என்பதைத் தொடங்கும் முன்பே கவனித்துவிடுங்கள். பொதுப் பொருள்களுக்கு அது இயங்கியே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

யார் எதை எடுக்கலாம் என்று தீர்ப்பளிக்கும் நடுவர் சர்வரில் இல்லை. அது செய்திகளைக் கடத்துவதோடு சரி. ஒருவரையொருவர் அறிந்த வகுப்புக்கு இது போதும். ஏமாற்ற முனைபவர்கள் வரக்கூடிய போட்டி விளையாட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உருண்டோடும் பொருள்களின் இயற்பியலையும் இது கவனிப்பதில்லை என்பதால், பெட்டியிலிருந்து சரிந்து விழும் தேயிலை மூட்டைகளை வைக்கும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிட்டேன்.