மீன் செதிலில் கொலாஜன், பைபேக் என்று யாராவது வந்தால் பணம் கட்டாதீர்கள்

தூத்துக்குடியில் மீன் வெட்டிக் கொடுக்கும் இடங்களில் செதில் சும்மாவே கிடைக்கும். அதில் கொலாஜன் (தோல், எலும்பு, செதிலில் இருக்கும் ஒரு புரதம்) பவுடர் எடுத்துக் கொடுத்தால் கிலோ 1,200 ரூபாய்க்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம், அதுதான் பைபேக் என்றார்கள் மெஷின் விற்க வந்தவர்கள். மெஷின், ஒரு நாள் பயிற்சி எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

பயிற்சியில் சொன்னது இவ்வளவுதான்: செதிலைக் கழுவு, காயவை, மெஷினில் போட்டு அரை. டெமோவில் காட்டிய பவுடர் வெள்ளை வெளேரென்று பச்சைத் தண்ணீரில் கரைந்தது. என் மெஷினில் வந்ததோ சாம்பல் நிறம், கருவாட்டு வாடை. வெந்நீரில் கலக்கினாலும் டம்ளருக்கு அடியில் மணல் மாதிரி தங்கியது. 40 கிலோ அனுப்பினேன். "தரம் தேறவில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், சோதனையில் தேறினால் மட்டுமே வாங்குவோம் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. யார் சோதிப்பது, எது தரம், ஒன்றுமே இல்லை.

அப்புறம்தான் இங்கேயே இருக்கும் மீன்வளக் கல்லூரிக்குப் போனேன். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய செதில் ஒன்றை ஆசிரியர் என் கையில் வைத்தார். நகம் போல விறைப்பாக இருக்க வேண்டியது பாலித்தீன் தாள் மாதிரி வளைந்தது. செதிலில் பாதிக்குப் பக்கம் கால்சியம் பாஸ்பேட்தானாம். முதலில் காரத்தில் ஊறவைத்து மற்ற புரதங்களை நீக்கி, பிறகு அமிலத்தில் அந்தக் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்தால்தான் கொலாஜன் மிஞ்சும். அதை வெந்நீரில் வேகவைத்தால் ஜெலட்டின். பச்சைத் தண்ணீரில் கரையும் பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டுகள்) வேண்டுமென்றால் நொதி (என்சைம்) சேர்த்து, சூடு பிசகாமல் துண்டாக்கி, வடிகட்டி, சூடான காற்றில் சாரலாகத் தெளிக்கும் ஸ்ப்ரே டிரையரில் உலர்த்த வேண்டும். அரவை மெஷினில் இதில் ஒன்றுகூட நடக்காது. டெமோவில் நான் பார்த்தது அந்த மெஷினில் வந்த பவுடரே இல்லை. அமிலக் கழிவுநீரை என்ன செய்வது, உணவாக விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் வேண்டுமே என்பதெல்லாம் அவர்கள் பேச்சிலேயே வரவில்லை.

தொழில் பொய்யில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் முறையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாராவது டெமோ காட்டினால் செதிலை நீங்கள் கொண்டுபோங்கள். அது பவுடராகும் வரை அங்கேயே உட்காருங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ஒப்பந்தக் காகிதத்தையும் வங்கி ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே போகலாம்.