மவுண்ட் யூனியனா, ஒயிட்வாட்டரா?

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பாலில்', விளையாட்டு உதவித்தொகையே இல்லாத பிரிவு டிவிஷன் 3. அதில் 2005 முதல் 2011 வரை ஏழு வருடமும் இறுதிப்போட்டி இந்த இரண்டு அணிகளுக்கும் இடையேதான். மற்றவர்களுக்குச் சலித்திருக்கும்! இரண்டுக்கும் நிறம்கூட ஊதாதான்.

ஓஹியோ மாநிலத்தின் மவுண்ட் யூனியன் சிறிய தனியார் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் லாரி கேரிஸ் 27 பருவங்களில் தோற்றது வெறும் 24 ஆட்டம். ஆனால் அவர்களுடைய லீக்கில் ஈடுகொடுக்க ஆள் குறைவு. பல ஆட்டங்களில் யார் வெல்வார்கள் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும்.

விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் அரசுப் பல்கலைக்கழகம், அவர்களுடைய லீக்கும் கடினம். அங்கே பயிற்சியாளராக இருந்த லான்ஸ் லைபோல்ட் எட்டுப் பருவங்களில் ஆறு பட்டம் வென்றார். நீண்டகாலப் பெருமை மவுண்ட் யூனியனுக்கு. சரி, ஒரு பருவம் முழுக்கப் பார்ப்பதென்றால்? என் ஓட்டு ஒயிட்வாட்டருக்கே.